ஆட்டுப் பட்டிக்கு ஒரு கோம்பை: செட்டிநாட்டில் முதல்முறை நாய் வளர்க்கப் போகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் புதிதாக ஆடு வாங்கியவர்கள் பத்து நாளில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "பட்டிக்கு நல்ல நாய் எங்கே கிடைக்கும்?" நரி, திருட்டு, ஊர் ஓரத்துத் தெருநாய்க் கூட்டம் என்று மூன்று பயம். இதில் தெருநாய்களால் வந்த சேதத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நாலைந்து நாய் சேர்ந்து பட்டிக்குள் இறங்கினால் ஒரு ஆட்டைக் கொன்று தின்பதோடு நிற்காது. ஓடுகிற உருப்படியை எல்லாம் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். விடிந்து வந்து பார்க்கிறவருக்கு வயிறு எரியும்.

நான் காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் 12 வருஷமாக ஆடுகளோடு கோம்பை நாய் வளர்க்கிறேன். முதல் நாயைத் தப்பாக வளர்த்தேன். 45 நாள் குட்டியாகக் கொண்டுவந்து வீட்டு முகப்பில் சங்கிலி போட்டுக் கட்டி, பாலும் சோறும் போட்டு, பிள்ளைகளோடு விளையாடவிட்டேன். எட்டு மாதம் ஆனதும் "இனி நீ பட்டிக்குக் காவல்" என்று ஆடுகளிடம் கொண்டுபோய் விட்டேன். அதற்கு ஆடு என்றால் ஓடுகிற ஒரு பொருள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஒரு மறிக்குட்டியை (பெண் ஆட்டுக்குட்டி) விரட்டிக் கழுத்தில் கடித்துக் கொன்றுவிட்டது. அந்தச் சமயம் எங்கள் வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம், அதாவது ஊர் ஊராக மந்தை மேய்க்கும் ஆட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாயைத் திட்டவே இல்லை. "நாய் எங்க படுத்து வளந்துச்சோ அந்த எடத்தத்தான் காக்கும் அப்பு. ஒங்க நாய் முகப்புல படுத்துச்சு, அது முகப்பைக் காக்குது" என்றார்.

கீழே நான் சொல்லப்போகிற எல்லாப் படிகளும் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்தவை.

நாய் வாங்குமுன்

மந்தை நாய் என்றால் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆட்டை வளைத்து, திருப்பி, சொன்ன திசையில் ஓட்டிக்கொண்டு போவது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் உருவான பார்டர் கோலி அந்த வகை. இன்னொன்று ஆடுகளோடு ஆடாகப் படுத்திருந்து, அந்நியம் எது வந்தாலும் எதிர்த்து நிற்பது. நம் கீதாரிகள் வைத்திருக்கும் நாய்கள் இரண்டாவது வகை. ஆட்டை ஓட்டும் வேலையை இங்கே மனிதரின் குரலும் கம்பும் பார்த்துக்கொள்ளும். ராத்திரிக் காவல்தான் நாயின் வேலை. அதனால் வீடியோவில் பார்த்த நாய் ஆட்டை வளைக்கிற மாதிரி நம் நாய் வளைக்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். பார்டர் கோலிக் குட்டியை நிறையப் பணம் கொடுத்து வாங்கி இந்த வெயிலுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். குளிர் தேசத்துக்கென்று அமைந்த இரட்டை அடுக்கு முடியோடு அது சித்திரை மாதத்தில் படும் பாட்டைப் பார்க்க முடியாது.

நம் நாட்டு இனங்களில் எது? கன்னி, சிப்பிப்பாறை இரண்டும் அழகு, வேகம், புத்தி எல்லாம் உள்ளவை. ஆனால் அவை கண்ணில் பட்டதைத் துரத்திப் பிடிக்க என்றே உருவான உடம்பு. முயல் எழுந்து ஓடினால் பட்டியை மறந்து பின்னால் போய்விடும். ராஜபாளையம் பெரிய காவல் நாய், 2005-இல் தபால்தலையிலும் இடம்பெற்றது. ஆனால் வெள்ளை முடியும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ள நாய் நாள் முழுக்கப் பொட்டலில் நின்றால் தோல் வெந்துபோகும். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிக் காதுகேளாமையும் அந்த இனத்தில் உண்டு. வீட்டு மதிலுக்குள் வளர்க்க நல்ல நாய், வெட்டவெளிப் பட்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

கோம்பை என்பது தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர். அந்த ஊர்ப் பெயரே நாய்க்கும். செவலை உடம்பு, கருத்த வாய், கட்டையான முடி, அகன்ற நெஞ்சு. வளர்ந்த நாய் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல், 30-க்குள் இருக்கும். காட்டுப்பன்றியை எதிர்க்கவும் மாட்டுத் தொழுவத்தைக் காக்கவும் வைத்திருந்த நாய். ஓடிப் பிடிப்பதைவிட நின்று எதிர்ப்பது அதன் குணம். பட்டிக்கு வேண்டியதும் அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். திருட வந்த இருவரைக் கடித்துவிட்டு, தலைவன் விழுந்த பிறகும் அது காத்து நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயர் சொல்லி எழுத்து வெட்டியிருக்கிறார்கள். மந்தை நாய்க்கு நம் ஆட்கள் என்ன மரியாதை வைத்திருந்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

யார் வாங்கக் கூடாது

செட்டிநாட்டில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீடு, வருஷத்தில் பத்து நாள் கல்யாணத்துக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் மட்டும் திறக்கும், மற்ற நாள் காவலுக்கு ஒரு ஆள் திண்ணையில். "பூட்டின வீட்டுக்கு ஒரு கோம்பை வாங்கிவிடலாம்" என்று வெளியூரில் இருக்கும் சொந்தங்கள் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆளும் ஆடும் இல்லாத வீட்டுக்குள் தனியாக அடைபட்ட கோம்பை ஆறு மாதத்தில் நிழலைப் பார்த்துக் குரைக்கும், தன் காலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், ஒரு நாள் தபால்காரரைக் கடிக்கும். வேலை இல்லாத கோம்பை கெட்டுப்போகும்.

ஐந்தாறு ஆடு மட்டும் வைத்து வீட்டுக் கொல்லையில் கட்டுகிறவர்களுக்கும் இந்த இனம் தேவையில்லை. தெருவில் பிறந்த நல்ல நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து, இதே முறையில் வளர்த்தால் போதும். என் கணக்கு: 30 உருப்படிக்கு மேல் இருந்து, பட்டி வீட்டை விட்டுத் தள்ளி இருந்தால் கோம்பை வாங்கலாம். 100-ஐத் தாண்டினால் இரண்டு.

குட்டி பார்ப்பது

"தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம்" என்பார்கள். நாய்க்கும் அதுவே. தாய் நாயைக் காட்ட முடியாது என்று சொல்கிறவரிடம் குட்டி வாங்காதீர்கள். தாய் எங்கே படுக்கிறது, அந்நியரைப் பார்த்ததும் என்ன செய்கிறது என்று பாருங்கள். குரைத்துக்கொண்டே முன்னால் வந்து, சொந்தக்காரர் குரல் கொடுத்ததும் அடங்கினால் நல்ல தாய். பயந்து பின்வாங்கிக்கொண்டு குரைத்தால் அந்தக் குணம் குட்டிக்கும் வரும். ஆடு மாடு உள்ள தோட்டத்தில் பிறந்த குட்டி கிடைத்தால் இரண்டு பங்கு நல்லது. ஆட்டு வாசனை அதற்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.

எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. 30 நாளிலேயே கொடுக்கிறேன் என்பார்கள். கடிக்கும்போது எவ்வளவு அழுத்தக் கூடாது என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடம்தான் கற்கிறது. அதைக் கற்காமல் வந்த குட்டி பிறகு ஆட்டுக்குட்டியின் காதைக் கிழிக்கும்.

கண், மூக்கு சுத்தமாக இருக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, வயிறு பானை மாதிரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பல் என்றால் பெரும்பாலும் பூச்சி. தொப்புளில் வீக்கம் இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். தலைக்குப் பின்னால் ஒரு முறை கை தட்டிப் பாருங்கள், திரும்ப வேண்டும். காதையோ வாலையோ வெட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடுவனா பெட்டையா? முதல்முறை வளர்ப்பவருக்கு நான் பெட்டையைச் சொல்வேன். அலையாது, பட்டியை விட்டு நகராது. ஆனால் வருஷத்தில் இரண்டு முறை பருவத்துக்கு வரும்போது ஊர்க் கடுவன்கள் எல்லாம் பட்டியைச் சுற்றும். குட்டி போட விடுவதில்லை என்று முடிவு செய்தால், வளர்ச்சி முடிந்ததும் மருத்துவரைக் கேட்டுக் கருத்தடை செய்துவிடுங்கள்.

முதல் நாள் முதல் நாலாம் மாதம் வரை

இந்தக் கட்டுரையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படியுங்கள். குட்டி எதைத் தன் கூட்டம் என்று நினைக்கும் என்பது மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய 16-ஆவது வாரத்துக்குள் பதிந்துவிடும். நீங்கள் 8-ஆவது வாரத்தில் வாங்கினால் உங்கள் கையில் மிச்சம் இரண்டு மாதம்தான்.

வண்டியை விட்டு இறங்கியதும் குட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். நேராகப் பட்டி. அங்கே ஒரு மூலையில், ஆடு நுழைய முடியாதபடி, ஆனால் ஆடும் குட்டியும் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்ள முடிகிற இடைவெளியோடு, மூங்கில் பட்டையோ பழைய பலகையோ அடித்துச் சின்னத் தடுப்பு போடுங்கள். மேலே கீற்று, கீழே சாக்கு. அந்தச் சாக்கை இரண்டு நாள் முன்னாலேயே ஆடுகளுக்கு அடியில் போட்டு வைத்திருங்கள், வாசனை ஏறியிருக்கும்.

மூன்று நாலு ராத்திரி குட்டி அழும். நெஞ்சைப் பிசையும் அழுகை. எங்கள் வீட்டு அப்பத்தா, "பச்சைப் பிள்ளையை இப்படிப் போடலாமா" என்று என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. போய்ப் பாருங்கள், தண்ணீர் இருக்கிறதா, குளிர்கிறதா என்று கவனியுங்கள், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஆனால் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். ஐந்தாம் ராத்திரி அது தடுப்புக்கு ஓரமாக, ஆட்டின் முதுகுச் சூட்டை ஒட்டிப் படுத்திருக்கும்.

ஒரு வாரம் கழித்துப் பகலில் தடுப்பைத் திறந்து விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். முதலில் சாதுவான இரண்டு மூன்று ஆடுகளோடு. புதிதாக ஈன்ற தாய் ஆட்டிடம் விடாதீர்கள், முட்டித் தள்ளிவிடும். சின்ன வயதில் பலமாக முட்டு வாங்கிய குட்டி ஆட்டைக் கண்டே பயப்படும், அல்லது பெரிதானதும் முறைக்கும். லேசான முட்டு நல்லது, ஆட்டுக்கு மரியாதை கொடுக்கக் கற்கும்.

சோறும் பட்டியிலேயே. கை மட்டும் தினமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வாயைத் திறந்து பார்ப்பது, காதைத் தடவுவது, கால் விரலிடுக்கை விரித்துப் பார்ப்பது எல்லாம் தினமும் இரண்டு நிமிஷம். நாளைக்கு முள் எடுக்கவும் மருந்து போடவும் இது உதவும். வாரத்தில் இரண்டு நாள் கழுத்துப்பட்டை, கயிறு போட்டு ஊருக்குள் நடத்திக் கூட்டிப் போங்கள். பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், பஸ் சத்தம், கோயில் மேளம் எல்லாம் சாதாரணம் என்று தெரியட்டும். தடுப்பூசி முடியும்வரை தெருநாய்கள் படுக்கும் இடங்களில் மட்டும் இறக்கிவிட வேண்டாம்.

வீட்டுக்குள் வந்து போகிற நாய் என்றால் ஒரு சின்ன விஷயம்: ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குட்டிக்கு வழுக்கும். வளர்கிற காலத்தில் திரும்பத் திரும்ப வழுக்குவது இடுப்புக்கும் மூட்டுக்கும் நல்லதல்ல. நடக்கிற வழியில் சாக்கு விரித்துவிடுங்கள்.

சொல்லிக்கொடுக்க வேண்டிய வார்த்தைகள் நாலே நாலு: வா, இரு, விடு, போ. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். ஒருவர் "வா", இன்னொருவர் "வாடா கண்ணு இங்க" என்றால் குட்டிக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ஊசியும் பூச்சி மருந்தும்

டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம், பிறகு வருஷம் தவறாமல். அரசு கால்நடை மருத்துவமனையில் என்ன மருந்து இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய பொருள். ஒரு கடையில் வாங்கி, ஐஸ் இல்லாமல் பிளாஸ்டிக் பையில் வைத்து, மே மாத வெயிலில் பைக்கில் கொண்டுவந்து போட்ட ஊசியை நம்பி நான் ஒரு குட்டியைப் பார்வோவுக்குக் கொடுத்தேன். ரத்தபேதி தொடங்கி மூன்றே நாள். அன்றிலிருந்து குட்டியைத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறேன்.

பூச்சி மருந்து மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆடுகளோடு வாழும் நாய்க்கு நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டல் சேர்ந்த மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு அடிக்கடி என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள், மந்தை நாய்க்கு இடைவெளியைக் குறைக்கச் சொல்லலாம். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சில ஆடுகள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மூளைக்குள் வளரும் நீர்க்கட்டியால் வருவது அது. நாயின் குடலில் இருக்கும் ஒரு நாடாப்புழுவின் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழுகிறது, புல்லோடு ஆட்டுக்குள் போகிறது, மூளையில் கட்டியாகிறது. செத்த ஆட்டின் தலையை நாய் தின்றால் வட்டம் மறுபடி தொடங்குகிறது. இதே மாதிரி இன்னொரு புழு, ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வைக்கும். அதன் முட்டை மனிதருக்குள் போனால் நமக்கும் அதே கட்டி வரும்.

அதனால் செத்த ஆட்டையோ, அறுத்த ஆட்டின் பச்சை ஈரல், நுரையீரல், தலையையோ நாய்க்குப் போடவே கூடாது. ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாயைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

இன்னொரு பழக்கம்: ஆட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து ஊசியில் மிச்சத்தைக் கைக்கணக்காக நாய்க்குப் போடுவது. வேண்டாம். அளவு மீறினால் நடுக்கம், கண் தெரியாமல் போவது, மயக்கம் என்று போய்ச் சாவில் முடியும். கோலி வகை நாய்களுக்குச் சின்ன அளவே ஆபத்து. நமக்குக் காய்ச்சல் வந்தால் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் நாய்க்கு ஆகாது.

சாப்பாடு

மூன்று மாதம்வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, அதற்கு மேல் இரண்டு. எங்கள் வீட்டில் காலையில் கம்பங்கூழ் அல்லது கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, ஒரு முட்டை. சாயங்காலம் சோற்றோடு வேகவைத்த கோழிக் கழிவு: இரைப்பை, ஈரல், தோல் நீக்கிய கழுத்து. வேகவைத்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும், எடுத்துவிடுங்கள். கருவாடு போட்டால் இரண்டு தண்ணீர் அலசி உப்பை எடுத்துவிட்டுப் போடுங்கள். வெறும் சோறும் ரசமும் போட்டு வளர்த்த நாய் பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும், நெஞ்சில் பலம் இருக்காது. விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் எண்ண முடியக் கூடாது. அதுதான் சரியான உடம்பு.

நம் வீட்டுக் குழம்பு மிச்சத்தைப் போடவே கூடாது. செட்டிநாட்டுச் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு ஏது? இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாளில் தெரியாது, தினம் போட்டால் ஈறு வெளுத்து, மூச்சு வாங்க ஆரம்பிக்கும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கல்யாண வீட்டு எச்சில் இலைக் குவியலுக்கு நாயைப் போகவிடாதீர்கள். வளவு (வீட்டு உள்முற்றம்) கொள்ளாத கூட்டம் சாப்பிட்டு முடித்த அந்த மூன்று நாள் நாயைக் கட்டியே வைத்திருப்பது நல்லது.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது

இந்தக் காலத்தில்தான் பெரும்பாலானோர் மனம் உடைந்து நாயைக் கொடுத்துவிடுகிறார்கள். நேற்றுவரை ஆட்டுக்குட்டியோடு படுத்திருந்த நாய் திடீரென்று அதன் பின்னால் ஓடும், காதைப் பிடித்து இழுக்கும், முதுகில் ஏறும். கெட்ட குணம் இல்லை, இளவயது விளையாட்டு. ஆனால் குட்டி ஆடு அதில் செத்துப்போகலாம். ஆகவே ஈத்துக் காலத்தில் இந்த வயது நாயைக் குட்டிகளோடு தனியாக விடாதீர்கள். மேய்ச்சலுக்குப் போகும்போது 10 மீட்டர் நீளக் கயிறு தரையில் இழுபட விடுங்கள். துரத்தத் தொடங்கியதும் கயிற்றை மிதித்து "விடு" என்று சொல்லுங்கள். அடிக்க வேண்டாம். அடி வாங்கிய நாய் உங்கள் முன்னால் மட்டும் நல்லபிள்ளையாக இருக்கும். வயதான கிடாய் ஒன்றின் பக்கத்தில் விடுவது இன்னும் நல்ல பாடம்.

சங்கிலி போட்டுப் பகல் முழுக்கக் கட்டிவைக்காதீர்கள். கட்டிய நாய்க்குச் சுற்று வட்டாரம் தெரியாது, எது புதிது எது பழையது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, எல்லாவற்றுக்கும் குரைக்கும். இரண்டு வயது ஆகும்போதுதான் கோம்பை முழு வேலைக்காரன். அதுவரை பொறுமை வேண்டும்.

வெயில், முள், உண்ணி, பாம்பு

நம் ஊர் வெயில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும். நாயின் சாதாரண உடல் சூடே 38.3 முதல் 39.2 டிகிரி. உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டை வெளியேற்ற அதற்கு வழியில்லை, மூச்சிரைத்துத்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் மேய்ச்சல் விடியற்காலையும் மாலை நாலரைக்கு மேலும்தான். செம்புறைக் கல் பொட்டலும் தார் ரோடும் பாதத்தைக் கொப்பளிக்க வைக்கும். உங்கள் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது. வேப்பமரத்தடியில் ஈரமண் குழி ஒன்று தோண்டிக் கொடுங்கள், அதில் போய் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். மண் தொட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். எச்சில் கயிறாக ஒழுகி, ஈறு ரத்தச் சிவப்பாகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குத் தூக்கி, கிணற்றுத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள்.

சீமைக் கருவேல முள்தான் எங்கள் பக்கத்து நாய்க்குத் தினசரி எதிரி. கண்மாய்க்குள் போய்விட்டு வந்த நாயின் நாலு காலையும் சாயங்காலம் பாருங்கள். முள்வாங்கி ஒன்று பட்டியிலேயே தொங்கட்டும். முள் ஒடிந்து உள்ளே நின்றால் சீழ் பிடிக்கும், கிளறாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மழைக்குப் பிறகு உண்ணி. காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரலிடுக்கில் தேடுங்கள். கவ்வும் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். வேப்பெண்ணெய் தடவுவது நல்ல பழக்கம், ஆனால் அது மட்டும் போதாது. உண்ணிக் காய்ச்சல் கோம்பையையும் சாய்த்துவிடும். சாப்பாடு ஒதுக்கல், காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், காப்பித் தண்ணீர் நிறத்தில் மூத்திரம், இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சீக்கிரம் பிடித்தால் மருந்துக்குக் கேட்கும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலும் இங்கே உண்டு. பட்டி நாய் பாம்பை எதிர்த்து நிற்கும், கடியும் வாங்கும். முகமோ காலோ திடீரென்று வீங்கினால், அல்லது நடை தள்ளாடினால், கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விஷமுறிவு மருந்து நாய்க்கும் வேலை செய்யும். 1962 என்ற எண் கால்நடை அவசர ஊர்திக்கு உரியது. அதைப் பட்டிக் கதவில் எழுதிவையுங்கள்.

ஊரோடும் சட்டத்தோடும்

முயல், உடும்பு, மயில் எதையும் நாயை விட்டுப் பிடிப்பது 1972-ஆம் வருஷத்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களுக்குப் பறவைகள் வரும் மாதங்களில் நாயை அந்தக் கரையோரம் அவிழ்த்துவிடாதீர்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்கள் அவை. மற்ற ஊர்களில் வெடிச் சத்தம் கேட்டுப் பட்டியை விட்டு ஓடிப்போன நாய்கள் உண்டு. அந்த இரண்டு ராத்திரி நீங்களே பட்டியில் படுங்கள்.

திருச்சி - ராமேஸ்வரம் சாலை மாதிரிப் பெரிய ரோட்டைத் தாண்டி மேய்க்கப் போகிறவர்கள் கழுத்துப்பட்டையில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையும் ஒரு மணியும் கட்டுங்கள். உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் வாக்குவாதம் பிறகு. முதலில் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துப் போங்கள். நாயின் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும்.

இரண்டாவது குட்டி

முதல் நாய்க்கு ஐந்து வயது ஆகும்போது அடுத்த குட்டியைக் கொண்டுவந்துவிடுங்கள். பத்து வயதுக்கு மேல் கோம்பைக்குக் காது மந்தமாகும், விடியற்காலையில் எழுந்திருக்க மூட்டு பிடிக்கும். அதுவரை காத்திருந்தால் சொல்லிக்கொடுக்கிற வயது போய்விடும். குட்டிக்கு அதே மூலையில் அதே தடுப்பு, அதே ஆட்டுவாசனைச் சாக்கு. சாப்பாட்டை மட்டும் தனித்தனியாக, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். முதல் மாதம் பெரியது உறுமும், தடுக்காதீர்கள், கடிக்காதவரை அது பாடம்தான். ராத்திரி எந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்க வேண்டும், எதற்குப் படுத்தே இருக்கலாம் என்பதை நீங்கள் ஒரு வருஷம் சொல்லிக்கொடுப்பதைப் பெரிய நாய் ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.